பாதி வேகத்தில் ஒரு குரல்

கரங்கான், கெடா
ஞாயிறு

அன்பு மகன் புவனேசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான், அப்பா, பாப்பா ஷர்வினி மூவரும் இங்கே சுகம். நீ கூச்சிங்கில் சுகமாக இருப்பதை நீ இசை போடும் யூடியூப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். போலந்திலும் பிரேசிலிலும் இருப்பவர்களுக்கு நீ போட்டிருக்கும் பதில்களின் நீளத்தைப் பார்த்தால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கைவிரல்களும் நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிகிறது. எனக்கு வரும் பதில் மட்டும் ‘ஓகேமா’ என்று ஒரே சொல்லில் நின்றுவிடுகிறது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய், காரணம் இருக்கிறது, பின்னால் வரும். அப்பாவுக்கு இந்த வாரம் கூலிம் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டும் வந்துவிட்டன, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள், நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன பழைய கேம் பெட்டியின் பட்டனைக்கூட விடவில்லை, பிடுங்கி மேலே வைத்திருக்கிறேன். எனக்குப் பள்ளியில் இந்த வருஷம் முதலாம் ஆண்டு வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், தொண்டை தினமும் கட்டிக்கொள்கிறது. தொண்டையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்பதும் பின்னால் புரியும்.

நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் பாப்பாவைப் பக்கத்து வீட்டு வாசுகி அக்காதான் பார்த்துக்கொள்கிறார், உனக்குத் தெரியும். பல் வந்ததிலிருந்து பிள்ளை பகலில் தூங்காமல் அவரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் நான் வந்து பார்த்தால் ஸ்பிரிங் தொட்டிலில் அசையாமல் தூங்குகிறாள், பக்கத்தில் அவர் மகள் ஷீலாவின் கைப்பேசியில் உன் இசை ஓடுகிறது. ஒரு நரி தனியாகப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகுமே, செகண்டரி படிக்கும்போது நீ சோறு தண்ணி இல்லாமல் விளையாடிய அந்த கேமின் இசை. அப்போது அது டிங் டிங் என்று கொசு காதில் கத்துவது மாதிரி இருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுக் குழம்பு தாளிக்கும்போது நானே முணுமுணுத்திருக்கிறேன். அதையே நீ வயலின், செல்லோ, எங்கேயோ தூரத்தில் பெய்யும் மழை எல்லாம் சேர்த்து, மலைமேல் மேகம் இறங்குகிற மாதிரி செய்து வைத்திருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் வயலின் எல்லாம் அடங்கிய பிறகு ஒரு பெண் ‘ம்ம்’ என்று ஆரம்பிக்கிறாளே, அந்த இடத்தில்தான் பாப்பாவுக்குக் கண் சொக்குகிறது. அதுவரை காலை உதறிக்கொண்டு கிடப்பவள் அந்தக் குரல் வந்ததும் மூடிய விரல்களைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். அன்று ராத்திரி நான் மடியில் போட்டுப் பாடிப் பார்த்தேன். கோயிலில் தேவாரம் பாடியவள், மக்தாப்பில் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் பாட்டுக் குழுவுக்கே நான்தான் முன்பாட்டு. பாப்பா என் வாயை விரலால் பொத்திவிட்டு அழுதாள். மறுநாள் வாசுகி அக்கா சிரித்துக்கொண்டே, டீச்சர் பாட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத்தான் லாயக்காம், பாப்பாவுக்கு அண்ணன் பாட்டுதான் வேணுமாம் லா என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பாட்டு என்றால்கூடப் பரவாயில்லை, அண்ணன் தங்கச்சி என்று விட்டுவிடுவேன். அது அந்தப் பெண்ணின் குரல். யார் அவள் என்று ஷீலாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை, கீழே எழுதியிருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்று படித்துக் காட்டினாள். யாரோ ஒருவர் இந்தக் குரலைக் கேட்டால் என் தாயார் நினைவு வருகிறது என்று எழுதியிருக்கிறார், அதற்கு நீ இதயம் போட்டிருக்கிறாய். உன் தாயார் இங்கே உயிரோடுதான் இருக்கிறேன். கூச்சிங்கில் உனக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள், எங்களிடம் மறைக்கிறாய் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, சுருதி சுத்தமா இருக்கு, பேசாமக் கட்டி வெச்சிடலாம், நம்ம வீட்டுல ஒருத்தியாவது நல்லாப் பாடட்டும் என்றார். அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா, அது ஆளே இல்லை லா, சாம்பிள், கம்பனிக்காரன் ஒரு பாடகியை உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடச் சொல்லிப் பதிந்து விற்கிறான், நான் வாங்கி அடுக்கினேன், அவ்வளவுதான் என்றாய். பார்ட் டைம் சம்பளத்தில் வாங்கினேன் என்று பெருமையாக வேறு சொன்னாய்.

அன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் துணி மடிக்கும்போது மறுபடியும் தொடங்கிவிட்டது, முன்னைவிட அதிகமாக. ஒரு பெண் இருந்திருந்தால் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு ஆளை எடை போட்டிருக்கலாம், பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். இவளை என்ன செய்வது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கண்ணாடி அறையில் நின்று பாடிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். தன் குரலில் கரங்கானில் ஒரு பிள்ளை தூங்குகிறது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் நீயே வாய்விட்டுச் சொன்னாய், அந்தக் குரலைப் பாதி வேகத்துக்கு இறக்கினேன், அப்போதுதான் ஒரு மூட்டம் வருகிறது என்று. ஐயா, தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது கோழி வாங்கி வரச் சொல்லி நான் பள்ளியிலிருந்து அனுப்பிய குரல் செய்தியை நீ கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அணில் கத்துவது போல ஓடியது. இரண்டு மடங்கு வேகம். நேரமாகும் என்று அப்படித்தான் எப்போதும் கேட்பேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். முகம் தெரியாதவள் ஒரு ‘ம்ம்’ சொன்னால் அதை இழுத்து ஊற வைத்துக் கேட்கிறாய், பெற்றவள் பேசினால் ஓட்டிவிடுகிறாய். தாளில் எழுதுகிறேன் ஏன் என்று இப்போது தெரிந்ததா, இதை உன்னால் வேகமாக ஓட்ட முடியாது.

ஆகவே நேற்று மதியம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் ஃபேன் சத்தம், பக்கத்தில் கோழி, ரோட்டில் மோட்டார் சைக்கிள், அதனால் பாப்பாவைப் பின்சீட்டில் கட்டிவிட்டு நம் மைவி காடியைப் பாடாங் மேஹா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டிப்போய் நிழலில் நிறுத்தினேன். கண்ணாடியை ஏற்றி ஏர்கோனையும் அடைத்துவிட்டேன், அது இரைந்தால் பதிவில் விழும் என்று ஷீலா சொல்லியிருந்தாள். ஒரு ஸ்வரம் பாடுவேன், கதவைத் திறந்து பிள்ளைக்குக் காற்று விடுவேன், மறுபடி மூடி அடுத்த ஸ்வரம். ‘ம்’ ஒரு தடவை, ‘ஆ’ ஒரு தடவை, அந்தக் கட்டின தொண்டையோடுதான். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. நடுவில் தோட்டத்துக் காவலர் ஐமன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டி, காடி கெட்டுப்போச்சா சிக்கு என்று மலாயில் கேட்டார். அவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளி இல்லை, இருந்தாலும் எல்லா ஆசிரியரும் அவருக்குச் சிக்குதான். இல்லை, பாடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், பாடுங்க பாடுங்க என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டார். அந்தத் தட்டும் சத்தம் நான்காவது ஸ்வரத்தில் இருக்கிறது, வெட்டிக்கொள்.

நான் நினைத்தது என்னவென்றால், எல்லாம் முடிவதற்குள் பாப்பா என் குரலில் தூங்கிவிடுவாள், அதை உனக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று. அவள் தூங்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் ஒரு ‘ம்’ போடுகிறாள், விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. முடிந்த பிறகு களைப்பில் அழ ஆரம்பித்தாள், எதற்கும் அடங்கவில்லை. வேறு வழி இல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு உன் இசையைப் போட்டேன். அந்தக் குரல் வந்தது, அவள் விரலைத் திறந்தாள். அடுத்து எனக்குத் தெரிந்தது அப்பா தோளைப் பிடித்து உலுக்கியதுதான். போன் செய்து செய்து பார்த்துவிட்டு மோட்டாரில் தேடி வந்திருக்கிறார், ஐமன்தான் வழி காட்டினாராம். அம்மாவும் மகளும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக் கிடந்தோம். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அந்தக் குரல்காரி என்னையும் தூங்க வைத்துவிட்டாள், புவன்.

அதனால் அவளை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இத்துடன் ஒரு பெண்டிரைவ் வைத்திருக்கிறேன், நெத்திலிப் பொடி டப்பாவுக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றி இருக்கிறது, பொடி படாமல் எடு. அதிலிருந்து என்னை எங்கேயாவது ஓர் இடத்தில் போடு. மழைக்குப் பின்னால் மறைத்து வைக்காதே, கேட்கிற மாதிரி போடு. அவளுக்குக் கொடுத்த மெதுவை எனக்கும் கொடு. நான் மூச்சு வாங்கும் இடங்களில் பாப்பா இருக்கிறாள், அதை மட்டும் சுத்தம் செய்கிறேன் என்று வெட்டிவிடாதே. அதில் யாராவது தாயார் நினைவு வருகிறது என்று எழுதினால் இதயம் போடுவதோடு நிற்காமல் அது என் அம்மா என்று பதில் எழுது.

ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைக்காதே, காது போனால் வராது. மெகி நூடுல்ஸே தின்றுகொண்டிருக்காதே. ஆற்றுப் பக்கம் போகாதே, முதலை இருக்கிறது என்கிறார்கள். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல காதோடும் இருக்க வேண்டும், கைக்கு வந்த கலை உன்னைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பா உன்னைப் போன் போட்டுப் பேசச் சொன்னார். பாப்பா இந்தத் தாளின் ஓரத்தைக் கடித்துவிட்டாள், அது அவள் கையெழுத்து.

மறக்காதே, பெண்டிரைவில் இருப்பதை முதல் தடவை கேட்கும்போது வேகத்தைக் கூட்டாமல் கேள்.

என்றும் உன் அம்மா,
குணவதி