வாலபிக்குப் பெயர் வைத்தவர்கள்

கூர், சுவிற்சர்லாந்து
14.10.1986

அன்புள்ள சிவமலருக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது, சமையலறையில் வேலை என்பதால் தப்பினேன்.

உமது கடிதம் கிடைத்தது. பிள்ளைக்கு ஆறு மாதமாகியும் பெயர் வைக்கவில்லை, தகப்பன் வந்துதான் காதில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறீர். உம்மோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் இங்கே கண்ட ஒரு அதிசயத்தை முதலில் சொல்கிறேன்.

எங்கள் உணவகத்துக்குப் பின்னால் சின்ன மிருகத் தோட்டம் ஒன்று உண்டு. மிஞ்சுகிற கரட், கோவா இலைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே வாலபி என்றொரு பிராணி, கங்காருவின் தங்கச்சி மாதிரி. போன கிழமை அதன் வயிற்றுப் பையிலிருந்து ஒரு குட்டி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழியாத பிள்ளையாக்கும், கண்ணூறு பட்டுவிடும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவற்றைப் பராமரிக்கும் திரேசா விழுந்து விழுந்து சிரித்தார். அது பிறந்து ஆறு மாதமாம், எங்கள் பிள்ளையின் வயது. பிறக்கும்போது பயற்றங்கொட்டை அளவுதானாம், கண்ணும் திறக்காதாம். தாய் தூக்கிவிடாமலே மயிரைப் பிடித்து ஏறி, பைக்குள் போய்ச் சேருமாம். கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

பெயரின் கதையும் அவர்தான் சொன்னார். சிட்னிப் பக்கத்தில் பரம்பரையாக வாழ்ந்த தாருக் சனங்கள் வைத்த பெயராம். கப்பலில் வந்தவர்கள் அவர்களின் நிலத்தைப் பிடித்தார்கள், அம்மை நோயில் கனபேர் செத்தார்கள். அந்தப் பாஷையைக் கேட்பதே இப்போது அரிதாம். ஆனாலும் இந்த மலையூரில் வேலியைப் பிடித்து நிற்கிற சுவிஸ் பிள்ளைகள் அவர்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வைத்தவர் பக்கத்தில் இல்லாமலும் ஒரு பெயர் நிற்கிறதே என்று யோசித்து யோசித்து, அன்றைக்கு இரண்டு கோப்பைகளை உடைத்துவிட்டேன்.

சிவமலர், என் அகதி வழக்குக்கு இன்னும் பதில் இல்லை. நல்ல பதில் வந்தாலும் இந்தச் சண்டைக்குள் நான் ஊருக்கு வர ஏலாது. பிள்ளை எனக்காகப் பெயரில்லாமல் இருக்கக் கூடாது. சிவகலா என்று வையும். இந்தக் கடிதம் கிடைத்தபின் வருகிற முதல் வெள்ளிக்கிழமை மடியில் வைத்து, வலது காதில் மூன்று தரம் நீரே சொல்லும். பிறகு எட்ட நின்று ஒருக்கால் பலமாகக் கூப்பிடும். திரும்பிப் பார்த்தாளோ என்று எனக்கு உடனே எழுதும்.

முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான்.

உமது,
ஜெகதீஸ்வரன்