ஏழு திரைகள், ஒரு பந்து

மார்ச் 12, வியாழன்
இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். யார் கேட்டார்கள்?

அருங்காட்சியகத்தில் ஆறு பழைய வீட்டுக் கணினிகள். ஒரே கம்பெனி, ஆறு வெவ்வேறு வருடத்தவை. ஏழாவது ஒரு லேப்டாப். அதில் பழைய மெஷின்போலவே நடிக்கும் எமுலேட்டர். ஏழிலும் என் புரோகிராமின் பந்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். முழுக்க மெஷின் மொழியில் எழுதியது. உலகத்தில் நாலு பேருக்குத்தான் வரும்.

லேப்டாப்பில் பந்து ராஜா மாதிரி குதித்தது. மற்ற ஆறும் ஆளுக்கொரு பக்கம். ஒன்றில் பந்தையே காணோம். பார்த்துக்கொண்டிருந்தது இருநூறு பேர்!

பொறுப்பாளர் அம்மா கேட்டார், "நிஜ மெஷின்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

"மூணு தடவை! பக்கத்துலயே என் மச்சினன் நின்னான், கேளுங்க."

மச்சினன் டிவி மெக்கானிக். ஆறு மெஷினுக்கும் உயிர் கொடுத்தவன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் பாக்கலைங்க" என்றான்.

ஒரு தலையாட்டல் போதாதா? அதற்குக்கூட வக்கில்லையா?

மார்ச் 13
துரோகி.

மார்ச் 15
"அவன் என்ன பொய்யா சொன்னான்?" என்கிறாள் மனைவி. தம்பியாயிற்றே, வேறென்ன பேசுவாள்! எனக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டு தட்டோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 17
தவறு எங்கே என்று பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டேன். (இரண்டு நாள்.) பந்து எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. எமுலேட்டர் நினைவகத்தைத் துடைத்துப் பூஜ்யமாக்கித் தந்துவிடும். நிஜ மெஷினை ஆன் செய்தால் கண்ட குப்பையும் அதில் கிடக்கும். ஒரே ஒரு வரி! எமுலேட்டரும் என்னைக் கவிழ்த்துவிட்டது. எல்லாரும் ஒரே கட்சி.

மார்ச் 20
அந்த ஆறும் போக, சோதித்துப் பார்க்கச் சொல்லி ஜனவரியில் என் வீட்டில் கொடுத்துவைத்த இன்னொரு பழைய மெஷினைத் திரும்ப எடுக்க மச்சினன் வந்தான். அருங்காட்சியகத்தின் பட்டறைச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்களாம். 'அத்தான் சோதிச்சிட்டார், நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். என் வாயை நம்பி.

மெஷினைத் தூக்கியவன் அப்படியே நின்றான். சுற்றிவைத்த ஒயர்மேல் பச்சைக் கயிறு, அவனுடைய இரட்டை முடிச்சு.

"இது நான் கட்டினது, அத்தான்."

திட்டியிருக்கலாம். படியிறங்கிப் போய்விட்டான்.

மார்ச் 21
அந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிப் பொறுப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன். சாவியை அவனிடமே கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

12-ஆம் தேதி வந்தது முப்பது பேர்தான்; அது போகட்டும். மூன்று தடவை ஓட்டினேன் என்றது கதை. லேப்டாப்பில்தான் ஓடிவிட்டதே என்று விட்டுவிட்டேன். அந்தக் கயிற்றை நான் அவிழ்க்கவே இல்லை.