ஓட்டையை அடைத்ததற்கு ஒரு மன்னிப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், நீயும் நலமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் மறித்து நாலு கேள்வி கேட்பாய், எனக்கும் கோபம் வரும், அதனால்தான் கடிதம், முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வா. அம்மாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, மருந்துக் கடை வேலையில் நாள் முழுக்க நிற்காதே என்றால் கேட்கிறாளா, உட்கார்ந்தா தூக்கம் வருதுங்க என்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் உன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு உங்க தங்கச்சியா என்று என்னைக் கேட்டார்கள், நாற்பதுகூட ஆகாதவனுக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் இருந்தால் இப்படித்தான், அம்மா இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி நீ சொன்னதற்கு வருகிறேன். மேனேஜர் நீட்டின மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்கப்பா, இல்லன்னா உங்க வேலை போயிடும், நான் தத்துவத்த விட்டுட்டு அந்த விளம்பரக் கம்பெனியில சேந்துடறேன் என்றாய். நடந்ததை அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். எங்கள் சர்வீஸ் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு வருடத்துக்கு மேலான மெஷின் வந்தால் பழுது பார்க்கக் கூடாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வெளியே வேறு யாரும் சரிசெய்துவிடாதபடி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் டிரில்லால் ஓர் ஓட்டை போட்டுவிட்டு, புதுசு பாருங்க என்று ஆளை மாடியில் இருக்கும் ஷோரூமுக்கு அனுப்ப வேண்டும். ஆறு வருடமாக அதைச் செய்தேன், நன்றாகவே செய்தேன், ஒரு போர்டுக்கு அரை நிமிடம் ஆகாது. போன மாதம், மருத்துவமனைச் சீருடைகளைத் துவைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா தன் வாஷிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒழுகுகிற குழாயை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பின்மூடியைக் கழற்றினேன், தயாரித்த வருடம் கண்ணில் பட்டது, கை தானாக டிரில்லை எடுத்தது, போட்டுவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அக்கா கத்தவில்லை, ஏன் தம்பி, நல்லாத்தானே ஓடுச்சு, ஓட்ட போடும்போது உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா என்று மட்டும் கேட்டார். தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அன்று சாப்பிடப் போகவில்லை. ஓட்டை அறுத்துவிட்ட செப்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தேடி மெல்லிய கம்பி வைத்துச் சால்டர் அடித்து ஒட்டினேன், பதினோரு இடம், மூன்று மணி நேரம். மெஷின் ஓடியது. குழாயையும் மாற்றிக் கொடுத்தேன். அதற்குத்தான் மேனேஜர் குதித்தார். ஓட்டை போட்டதற்கு இல்லை, கவனி, அடைத்ததற்கு. நீ இப்படி அடைச்சுக் குடுத்தா மாடில எவன்யா வாங்குவான், நாளைக்கு ஊரே பழச தூக்கிட்டு வந்து நிக்கும் என்றார். வரட்டுமே என்றேன்.

நீ தத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது அதை வைத்து எந்த நட்டைக் கழற்றலாம் என்று கேட்டவன் நான். நீ அனுப்பிய கட்டுரையைப் போன வாரம் படித்தேன், பாதி புரியவில்லை, சுருக்கமாக எழுதப் பழகு. எதையும் வாங்காமல் இருக்கிற நேரத்தில் மனிதன் யார் என்று கேட்டிருந்தாய், அது புரிந்தது. அதைக் கேட்டவள் இனி ஒரு சோப்புக்கட்டியில் வாழ்க்கையின் அர்த்தம் இருக்கிறது என்று எழுதப் போகிறாளாம், அதுவும் எனக்காகவாம். என் பெயரைச் சொல்லி உன் மூளையில் ஓட்டை போட்டுக்கொள்ளாதே. அர்த்தம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தேடுவது உன் வேலை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நான் எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை, ஆனாலும் ஒரு ஆளாக இருந்தேன். இதை உன் பேராசிரியரிடம் சொல், மறுத்தால் இங்கே வரச் சொல்.

நேற்றுதான் கையெழுத்துப் போடக் கடைசி நாள். போட்டேன், அவர்கள் தாளில் அல்ல. நானே எழுதிக் கொண்டுபோனேன். தவறு செய்தேன், ஓடுகிற மெஷினில் உரிமையாளரைக் கேட்காமல் ஓட்டை போட்டேன், அதற்கு முன்னும் ஆறு வருடமாக நல்ல போர்டுகளில் போட்டிருக்கிறேன், இனிப் போட மாட்டேன், இவ்வளவுதான். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு இத எப்படிய்யா மேல அனுப்புறது என்றார். தபாலில் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன், அம்மா முன்னறை சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் தூக்குங்க, மேஜை போட இடம் வேணும்ல என்றாள். இன்று காலை அந்த மேஜைக்கு ஒரு மின்விசிறியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் வந்திருக்கின்றன, இரண்டும் கிழடு, இரண்டும் பிழைத்துவிடும். கொஞ்ச நாள் இழுபறிதான், பொய் சொல்ல மாட்டேன். நூலகத்தில் சாயங்கால வேலை கிடைத்தால் பார், படிப்பில் மட்டும் கை வைக்காதே.

எவர் முன்னாலும் கூனாமல் நெடுநாள் நன்றாக இரு, இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். விளம்பரக் கம்பெனிக்கு வரவில்லை என்று இன்றைக்கே எழுதிப் போடு. காரணம் கேட்டால் எங்கப்பா முரடு, விட மாட்டேங்கிறார் என்று சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டுவிட்ட
உன் அப்பா