இரண்டாவது பாஸ்போர்ட்டுக்குப் பதினான்கு நாடுகள்

செவ்வாய், 4
அட்டனில் விடிய விடிய மழை. முழங்கால் கடுப்பு. கோத்தகிரியிலிருந்து அண்ணன் மகன் கணேசனின் போன்.
"சித்தப்பா, அப்பாவுக்கு கிட்னி ரெண்டும் முடியல. பத்து நாள்தான்னு டாக்டர் சொல்றாரு. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."
சொன்ன உடனே கிளம்புகிற ஆள் நான். ஆனால் பாஸ்போர்ட் கொழும்பில். (இனி பா.போ. கை வலிக்கிறது.) கனடா விசாவுக்கு என்னுடையதும் மனைவி மல்லிகாவுடையதும் கொடுத்து ஒரு மாதம். மகள் சுமதிக்கு அங்கே தலைப்பிரசவம். இப்போது திருப்பி வாங்கினால் எனக்குக் கனடா போச்சு.

புதன், 5
தூக்கமில்லை. பஜாரில் ஒரு யோசனை கிடைத்தது. அடிக்கடி வெளிநாடு போகிறவருக்கு இரண்டாவது பா.போ. கொடுப்பார்களாம். என்னை விட்டால் வேறு யார்? தோட்டத்துச் சனங்களைப் பழனி, வேளாங்கண்ணி என்று இருபது வருசமாக யாத்திரை கூட்டிப் போகிறேன். பைலட்மாரே என்னைக் கண்டால் தலையாட்டுவார்கள்.
பென்சன் வாங்கும் கிளாக்கர் ஐயாவிடம் கடிதம் எழுதி வாங்கப் போனேன்.
"எத்தன நாடு போடுறது தம்பி?"
"பதினாலு போடுங்க."
"போயிருக்கியா?"
"போகாமயா. ரெண்டு மூணு ஆகாசத்துலருந்து பார்த்தது."
மல்லிகா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாண வூட்டுல அளக்குறத எல்லாம் ஆபீசுலயும் அளக்கணுமா?" என்றாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அலுப்பு.

வியாழன், 6
கண்டி பா.போ. ஆபீஸ். பஸ்ஸில் நாவலப்பிட்டி வரை நின்றபடி. கொண்டுபோனவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, போட்டோ (ஒரு கண் மூடியிருக்கிறது), பா.போ. நகல், கடிதம்.
கவுண்டரில் சுமதி வயதில் ஒரு சிங்களப் பெண். என் சிங்களம் ரேடியோவில் செய்தி வாசிக்கும் தரம். அவள் கடிதத்தைப் படித்தாள். நகலைப் புரட்டினாள்.
"பதினான்கு நாடு என்று இருக்கிறதே மாத்தயா. எல்லா முத்திரையும் இந்தியாதானே?"
அடையாள அட்டையை அவள் பக்கம் தள்ளினேன்.
"இத்தனை தடவை எதற்குப் போனீர்கள்?"
அண்ணனைச் சொன்னேன். எனக்கு எட்டு வயதில் அவருக்கு இந்தியக் குடியுரிமைக் கடதாசி வந்து கப்பலேறியவர். நான் அத்தையோடு இங்கேயே நின்றுவிட்டேன். யாத்திரைச் சனத்தைப் பழனியில் விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் அவரிடம் ஓடிப்போவேன். யாத்திரை நடத்துவதே அதற்குத்தான். இதை மல்லிகாவிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. பாதியில் சிங்களம் வரவில்லை.
அவள் ஏசவில்லை. "இரண்டாவது கிடைத்தாலும் பயனில்லை மாத்தயா. உங்கள் இந்திய விசா கொழும்பில் இருக்கும் பாஸ்போர்ட்டில் அல்லவா? புதியதற்கு விசா எடுக்கவே நாள் போய்விடும்."
இருபது வருசம் விமானமேறிய எனக்கு இது தோன்றவில்லை. கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தாள். வெளியே வெயில். ஒரு பிளேன்டீ.

வெள்ளி, 7
சுமதிக்கு போன். பா.போ.வைத் திருப்பி வாங்கப் போவதைச் சொன்னேன்.
"அப்ப நீங்க வரமாட்டீங்க."
"அப்புறமா வர்றேம்மா."
"அப்புறம்னா புள்ள நடக்க ஆரம்பிச்சிரும்பா."
பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியப்பாவப் போய்ப் பாருங்க. ஆனா அம்மா தனியா வருவாங்களா?"
"நுவரெலியாவுக்கே தனியாப் போனதில்ல."
குசினியிலிருந்து மல்லிகா: "போவேன்னு சொல்லுங்க."

செவ்வாய், 11
கொழும்பு. பா.போ. கைக்கு வந்தது. கால் வீக்கம். நாளைக் காலை திருச்சி விமானம்.
கணேசன் போன் எடுத்தான். அண்ணன் இன்னும் பேசுகிறாராம். "கனடாக்காரன் வந்துட்டானான்னு ஊரெல்லாம் கேக்குறாரு சித்தப்பா. என்ன சொல்ல?"
கனடா போகப்போவதாகப் போன மாதமே அண்ணனிடம் அளந்திருந்தேன்; அவருக்காக விட்டது தெரிய வேண்டாம். கனடாவிலிருந்து நேரே வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். குளிர் எப்படிடா என்று கேட்பார். நுவரெலியாவை இரண்டு மடங்காக்கிச் சொல்ல வேண்டும்.