மூடிய அறையில் ஓடும் லாரி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உன் கம்ப்யூட்டரைத் தவிர எல்லோரும் சுகம் என்று வைத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் பேசினால் சுவருக்கெல்லாம் காது முளைக்கிறது. நான் ஹலோ சொல்வதற்குள் உன் அம்மா சமையலறையிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறாள். போனில் தமிழ் அடிக்கலாம் என்றால், பஸ் ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல் இது, ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது, ஆபீஸ் விடும் நேரத்து பஸ் மாதிரி. அதனால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவது வரைக்கும் என்னைக் காப்பாற்றியது இந்தக் கையெழுத்துதான். வாத்தியார்கள் படிக்க முடியாமல் மார்க் போட்டுவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து நீயே கட்டினாயே, அந்த விளையாட்டுக் கம்ப்யூட்டர், அது நினைத்த நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. உன் தங்கைதான் அதில் விளையாடுகிறாள். "பத்து நாள் இருந்துட்டுப் போறேம்பா" என்று ஒரு பெட்டியோடு வந்தவள் உன் அறையில்தான் இருக்கிறாள். பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை திரையில் லாரி ஓட்டுகிறாள். சைக்கிளுக்கே பிரேக் பிடிக்கத் தெரியாமல் குப்பைத் தொட்டியில் போய் முட்டியவள், மழையில் மலைப்பாதையில் ரயில் நீளத்துக்கு ஒரு லாரியை இழுத்துக்கொண்டு போகிறாள். சரக்கு எங்கே போகிறது என்று கேட்டேன். "எங்கயும் இல்லப்பா. ஓட்டிட்டே இருக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது படம் அப்படியே நிற்கிறது. சத்தம் மட்டும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு ட்ர்ர்ர் என்கிறது. அந்த மவுஸ் எலியைத் தட்டினாலும் அசைவதில்லை. பெட்டியைத் தொட்டால் கை சுடுகிறது. அப்போதுதான் அவள் அறையை விட்டு வெளியே வந்து, "அப்பா, மறுபடியும் செத்துப்போச்சு" என்று சொல்கிறாள். ஒரு நாளில் அவள் தானாகப் பேசுவது அந்த ஒன்றுதான். அதனால் அது சாகும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது என்று சொன்னால் திட்டாதே.

சூடு என்றதும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ரேடியேட்டர். தண்ணீர் ஊற்றும் மூடி எங்கே என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். நல்லவேளை, கிடைக்கவில்லை. உன் அம்மா செம்போடு தயாராக நின்றிருந்தாள்.

போன தடவை பேசும்போது, "அவ ஒரு தடவை திரும்பிப் போய்ப் பாக்கட்டும்பா, அவன் தங்கமானவன், எனக்குத் தெரியாதா" என்றாய். உன் சிநேகிதன், அவளுக்கு நீ பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. அதற்கு நான் இப்போது பதில் எழுதவில்லை. கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது என்று மட்டும் விவரமாக எழுது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கையில் ஏதாவது வேலை இருந்தால் தேவலை.

அன்புடன்,
அப்பா


அன்புள்ள பெரியவனுக்கு,

நீ எழுதிய வைத்தியம் எல்லாம் செய்தாகிவிட்டது. நோயாளி பிழைக்கவில்லை. டாக்டருக்குத்தான் இருமல்.

பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றச் சொன்னாய். கழற்றினேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். பிரஷ்ஷால் மெல்லத் தட்டு என்று நீ எழுதியதைப் படிப்பதற்கு முன்பே வாயால் ஓங்கி ஊதிவிட்டேன். தூசி மொத்தமும் என் முகத்துக்கே திரும்பி வந்தது. உன் அம்மா பார்த்துவிட்டு, "மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றாள். உன் தங்கை சிரித்தாள். சத்தம் போட்டு இல்லை. ஆனாலும் சிரித்தாள்.

பிறகு, சூட்டை இழுக்க விசிறிக்கு அடியில் தடவச் சொன்னாயே, அந்தப் பசை. பட்டாணி அளவு போதும் என்று எழுதியிருந்தாய். இவன் எப்போதும் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு, டிப்போவில் பேரிங்குக்குக் கிரீஸ் அப்புவதுபோல் அப்பினேன். விசிறியை வைத்து அழுத்தியதும் நான்கு பக்கமும் பிதுங்கி வழிந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஐயா, இது தோசைக்குச் சட்னி இல்ல" என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தார். பின்பக்க விசிறியையும் நான் திருப்பி மாட்டியிருந்தேனாம். குளிர்ந்த காற்று உள்ளேதானே போக வேண்டும் என்பது என் படிப்பு. சூடான காற்று வெளியே போக ஒரு வழி வேண்டாமா என்று அவர் கேட்டார். அதையும் சரிசெய்துவிட்டோம்.

இந்த வேலை எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து செய்தோம். திரை மூலையில் சூடு எவ்வளவு என்று ஓர் எண் வருமே, அதை அவள் படிப்பாள். நான் பெட்டிக்குள் விசிறிகளைப் பார்ப்பேன். "எம்பது... எம்பத்தஞ்சு... அப்பா, தொண்ணூறத் தாண்டுது... போச்சு!" திரும்பவும் நின்றுவிட்டது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

நம் பழைய டிவி உனக்கு நினைவிருக்கும். மண்டையில் ஒன்று போட்டால்தான் படம் வரும். அந்தப் பழக்கம். எல்லாம் செய்தும் நின்றுவிட்டதே என்ற கடுப்பில், விளையாட்டாகத்தான், "ஓடுறியா இல்லையா நீ!" என்று கத்திக்கொண்டே பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டேன். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் டார்ச்சைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் ஒடுங்கிவிட்டாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. "சாரி, சாரி, இனிமே பண்ண மாட்டேன், சாரி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, "டார்ச் கை நழுவிடுச்சுப்பா" என்றாள். நானும், "ஆமாம்மா, வேர்வை" என்றேன்.

அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் ஓடவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் அந்தப் பெட்டியைத் தூக்கி ஹாலில் வைத்தேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வழியில் நின்றுபோன வண்டியை ஓரமாகவாவது தள்ளி நிறுத்துவோமே, அப்படி. மதியம் முழுக்க ஓடியது. எழுபதைத் தாண்டவில்லை. திரும்ப உன் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அரை மணி நேரத்தில் செத்தது. மறுபடி ஹால், மறுபடி அறை. முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், ஆனால் பதில் கிடைத்துவிட்டது. உன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்த அறைதான் வேகிறது. நீ இருந்தபோது ஜன்னல் திறந்தே கிடக்கும். அவள் வந்த நாளிலிருந்து அதை மூடியே வைத்திருக்கிறாள். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் தொறந்து வைம்மா, காத்து வரட்டும்" என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா. அவரு வர்ற நேரம்" என்றாள்.

அவர் என்றால் அவள் புருஷன்தான். தினமும் சாயங்காலம் எதிர்க்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். மற்ற நாளில் அந்த நேரம் நான் டூட்டியில் இருப்பேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. "சொன்னா நீங்க என்ன செய்வீங்க, ஜோக் அடிப்பீங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

நாளைக்கு டூட்டியை மாற்றிக்கொண்டு அவனைப் பார்க்கப் போகிறேன்.

அப்பா


பெரியவனுக்கு,

பார்த்துவிட்டு வந்தேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

அவன் மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "வாங்க மாமா, டீ சொல்லவா?" என்றான். தினமும் இங்கே எதற்கு மாப்பிள்ளை நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "என் பொண்டாட்டி இருக்கற ஜன்னலப் பாக்கறேன். தப்பா மாமா?" என்று சிரித்தான். பிறகு, "மச்சான் சொல்லிட்டாரே, ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போடான்னு. நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க" என்றான்.

நீ சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை.

படியில் தொங்குகிறவனைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டுகிற வாய் இது. அவன் சொன்ன டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். டீ நன்றாக வேறு இருந்தது. அதுதான் இன்னும் கசக்கிறது.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை இனி ஹாலிலேயே வைப்பது என்று முடிவாகிவிட்டது. உன் அம்மா அருகில் வெங்காயம் உரித்தபடி, "ஓரமாப் போடி, பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான் பாரு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏற்றத்தில் கியர் மாற்றுவதைப் பற்றி இரண்டு குறை சொன்னேன். "நீங்க ஓட்டுற டப்பா வண்டி இல்லப்பா இது" என்றாள். அப்படிப் பேசி எத்தனையோ காலம் ஆகிறது.

அந்த நேரத்தில்தான் கேட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாமே, போகிறாயாம்மா என்று. அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணன் போகச் சொன்னா போறேம்பா. அண்ணன் ரூம்லதான இருக்கேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட உன்னிடம் அனுமதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் அம்மா வெங்காயத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிநேகிதனை நம்பினாய். நானும் கல்யாணத்தன்று அவன் தோளில் கை போட்டு நின்று படம் எடுத்துக்கொண்டவன்தான். ஆனால் நான் அந்தப் பெட்டியை அடித்தபோது உன் தங்கை எப்படி ஒடுங்கினாள் என்பதை நீ பார்க்கவில்லை. அதனால்தான் எழுதினேன். இப்போது உனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் லீவு போட்டுவிட்டேன். வாசலில் இருப்பேன். இந்தத் தடவை டீ குடிக்க மாட்டேன். அவள் வர மாட்டாள் என்று நானே சொல்வேன். குரல் நடுங்கினாலும் சொல்வேன். அவன் என்ன செய்வான் என்று தெரியாது. என்னைத் தாண்டி அவளைக் கூப்பிட்டு, உன் அண்ணன் சொல்லிவிட்டான் என்பான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பயம் எனக்கு அங்கேதான்.

அதனால் அவனுக்கு நீ கொடுத்த வார்த்தையை நீயே திரும்ப வாங்கு. இன்றைக்கே. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருக்காதே, நன்றாக வராது, வராவிட்டாலும் சொல். அதன் பிறகு உன் தங்கைக்குப் போன் பண்ணு. அறிவுரை வேண்டாம். அந்த அறை உன்னுடையது, கம்ப்யூட்டர் உன்னுடையது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டு என்று மட்டும் சொல். ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். சுவர் கேட்டால் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கிறோம் என்று உன் அம்மா வருத்தப்படுகிறாள். நான் வருத்தப்படவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும்
அப்பா