அக்கா துடைத்த கறை

புதன்கிழமை, டிக்கோயா. மழை விடவில்லை.

எரிச்சல் அடங்கவே மாட்டேன் என்கிறது. அக்காவை வரைந்து மூன்று வாரமாகியும் இந்த ஈரத்தில் எண்ணெய்ச் சாயம் காயவில்லை. படம் வாங்க வருகிறவர்களுக்குக் கூடையோடு சிரிக்கிற பெண் போதும். எனக்கு அவளுடைய விரல்கள் வேண்டும். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன அந்தக் கறையின் நிறத்தைப் பிடிக்கவே பத்து நாள் போனது.

இன்று ஹட்டனுக்குப் போய்த் தூரிகை வாங்கிக்கொண்டு திரும்பினால், படத்தில் கறையைக் காணோம். விரல்கள் வெளிறிக் கிடக்கின்றன. நான் தூரிகை கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அக்காவே துடைத்திருக்கிறாள்!

“என்னக்கா பண்ணி வச்சிருக்க?” என்று கத்திவிட்டேன்.

அவள் அசரவில்லை. “நாலு பேரு பாக்குற படம்டா. எலுமிச்சங்காய் போட்டுத் தேய்ச்சும் என் கையில போக மாட்டேங்குது. அதுலயாவது போகட்டுமேன்னுதான் தொடச்சேன்.”

கறுப்பை மறுபடி குழைத்து வைத்துவிட்டேன். அவளைக் கேட்காமல் பூச மனம் வரவில்லை. கேட்டால் விடமாட்டாள்.