பின்வாசல் படி

நவம்பர் 3

முதல் பனி. தரையில் ஒட்டவில்லை. மத்தியானத்துக்குள் வெறும் ஈரமாகிவிட்டது.

கடைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் என் கட்டடத்துக்குப் போயிருந்தேன். பல் டாக்டரின் உதவியாளப் பெண் வாசலில் நின்றுகொண்டு, "இந்த வருஷமும் உங்க தம்பிதான் பனி தள்ளுவாரா?" என்றாள்.

"ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் கேட்பதில்லை. போன குளிர்காலத்தில் மூன்று முறை ஆர்வோ வர எட்டரை மணி ஆகிவிட்டது. முழங்கால் வலி அவனுக்கு. நோயாளிகள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு முட்டளவு பனியில் நடந்து வந்தார்கள்.

இன்சூரன்ஸ்காரர்களின் கடிதமும் மேசையில் கிடக்கிறது. பனி அகற்றுவதையே தொழிலாகச் செய்கிற ஒரு கம்பெனியை வைப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். கட்டாயம் என்று எழுதவில்லை. கட்டாயம் என்றாவது எழுதித் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 9

ஹவுட்டன் ஊரிலிருந்து பனி அகற்றும் கம்பெனிக்காரர் வந்தார். பெயர் ட்ரெவாரோ, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மணி நேரம் நடந்து நடந்து பார்த்தார். என் கணவர் ரேமண்ட் இந்த இடத்தை வாங்கிய நாளில்கூட இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"தள்ளுற பனியை எங்க குவிக்கறீங்க, மிசஸ் கோஸ்கி?"

"மேற்கு வேலி ஓரமா."

"அதுதான் தப்பு. பகல்ல கொஞ்சம் இளகினாலும் அந்தத் தண்ணி சரிவுல இறங்கி உங்க பின்வாசல்லதான் வந்து நிக்கும். ராத்திரி உறைஞ்சு ஐஸாயிடும். மேல புதுப் பனி விழுந்து மூடிட்டா யார் கண்ணுக்கும் தெரியாது."

பிறகு நிமிர்ந்து கூரைக் குழாயைப் பார்த்தார். "இதுவும் அதே படியிலதான் கொட்டுது. இதையாவது திருப்பி விடுங்க. எங்களை வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி."

எல்லாவற்றையும் படம் போட்டு எழுதிக் கொடுத்தார். பின்வாசல் படியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.

குழாய் விஷயம் எனக்குப் புதிதல்ல. அக்டோபரில் ஏணியில் நின்றபடி ஆர்வோவும் இதையேதான் சொன்னான். அப்போதுதான் பின்சுவருக்குப் பெயின்ட் அடித்து முடித்திருந்தோம். புதுச் சுவரில் துளை போடாதே, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

நவம்பர் 12

சனிக்கிழமை. ஆர்வோ வீட்டில் சௌனா, நீராவிக் குளியல். கம்பெனியை வைக்கப் போவதை இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன்.

நீராவியில் அவன் மனைவி ஷீலாவும் நானும் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால், அவன் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வண்டியின் பனி தள்ளும் முன்பலகையைப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறான். குழந்தை பொம்மையைக் காட்டுவது போலக் காட்டினான்.

"இந்த வருஷம் பாரு, உன் இடத்தைத்தான் முதல்ல முடிப்பேன். ஏழு மணிக்கெல்லாம் துடைச்சு வெச்சிருப்பேன். அந்தப் பல் டாக்டர் வாயை மூடணும்."

அவனுக்கு யார் சொன்னார்களோ.

ஷீலா கொடுத்த ஏலக்காய் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ட்ரெவாரோவின் தாள் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

நவம்பர் 21

ட்ரெவாரோ போன் செய்தார். எடுக்கவில்லை.

டிசம்பர் 6

இதுவரை எழுபது அங்குலம் பனி. ஆர்வோ சொன்னபடி ஏழு மணிக்கு முடித்துவிடுகிறான். நான்தான் வீணாகக் கவலைப்பட்டேனோ?

டெல்ஃபீன் முடிவெட்டிவிட்டாள். பதினாறு வருடமாக என் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறாள். என் தலையை வேறு யாரும் தொட்டதில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஐரீன், உன் பின்படி ஒருநாள் என்னைக் கொல்லப் போகுது. செத்தா உன் சோபாவுலதான் வந்து பேயா உக்காருவேன், சொல்லிட்டேன்."

சிரித்தோம். அவள் வண்டியைப் பின்னால்தான் நிறுத்துவாள். வாடிக்கையாளர்களுக்கு முன்பக்கம் இடம் வேண்டுமே.

ஐஸ் கட்டாமல் இருக்க ஆர்வோவிடம் அங்கே உப்புப் போடச் சொன்னேன்.

"போடறேன். ஆனா காலையில போட்டா மத்தியானத்துக்குள்ள குழாய்த் தண்ணி கழுவிட்டுப் போயிடுதே. ஒரு மணி நேர வேலை ஐரீன், திருப்பி விட்டுடறேனே?"

"அந்தச் சுவர்ல கை வெக்காதேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன் இல்ல?"

தோளைக் குலுக்கினான். "சரி, உன் கட்டடம்."

டிசம்பர் 25

ரேமண்ட் இல்லாத ஏழாவது கிறிஸ்துமஸ். பனி.

ஜனவரி 11

டெல்ஃபீன் விழுந்துவிட்டாள்.

நேற்று முழுக்க இளகியது. ராத்திரி உறைந்தது. விடியலில் மேலே இரண்டு அங்குலம் புதுப் பனி, பஞ்சு மாதிரி. எட்டே முக்காலுக்கு என் கட்டடத்துச் சலவைக் கடைப் பெண் போன் செய்தாள். வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

சுவரில் சாய்ந்து பனியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பொருளை வைத்திருப்பவள் போல வலது கையை மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கத்தரி பிடிக்கிற கை, ஐரீன்," என்றாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என் கோட்டை அவள்மேல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழாயிலிருந்து சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 12

அறுவை சிகிச்சை முடிந்தது. உள்ளே தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். பிடிமானம் பழையபடி வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ரேமண்ட் காலத்திலேயே தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆர்வோ வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தான்.

"ஏழு மணிக்கே தள்ளிட்டேன். முன்பக்கம் உப்புப் போட்டேன். பின்னாடி... மறந்துட்டேன். கால் வலி, சீக்கிரம் போகணும்னு ஒரே நினைப்பு. நான்தான் ஐரீன். என்னாலதான்."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நீ குழாயைத் திருப்பறேன்னு ரெண்டு தடவை கேட்டே, நான்தான் வேண்டாம்னேன். இவ்வளவுதான். 

"விடு. நடந்தது நடந்துபோச்சு," என்றேன்.

என்ன பேச்சு அது? ஆமாம், உன்னால்தான் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

ஜனவரி 16

இன்சூரன்ஸ் விசாரணைப் பெண் போன் செய்தாள். மிஸ் ஹால்வர்சன். மரியாதையான குரல்.

"பின்பக்கம் உப்புப் போடுற பொறுப்பு யாருடையது?"

"என் தம்பியோடது."

"அந்தப் படியில ஐஸ் கட்டுதுன்னு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா? யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. தெரியுமென்றால் வழக்கு வந்து கட்டடமே போய்விடுமோ என்று ஒரு பயம்.  இழுப்பறையைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் உள்ளே இருப்பது இல்லையென்று ஆகிவிடுமா?

ஜனவரி 18

ட்ரெவாரோவைக் கூப்பிட்டேன். இன்றைக்கே வந்துவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். நவம்பரில் போட வேண்டிய கையெழுத்து.

பின்வாசலில் நின்று படியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், அவருக்கும் தெரியாமல் இருக்காது.  "குழாயை எங்க ஆள் இப்பவே திருப்பிடுவான்," என்றார்.

நாற்பது நிமிடம். சுவரில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நாலு துளை. நாலே நாலு.

ஜனவரி 20

ஆர்வோவுக்கு நேற்றே போன் செய்திருக்க வேண்டும். காலையில் செய்யலாம் என்று விட்டேன். அவன் ஆறரைக்கே கட்டடத்துக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் கம்பெனியின் இரண்டு இயந்திரங்கள்.

நேராக என் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐரீன். வேலை போனா போகுது. அந்த ஆளுங்க முன்னாடி வண்டியோட நின்னேன்."

"இன்சூரன்ஸ்காரங்க சொன்னாங்க ஆர்வோ, தொழில்காரங்களைத்தான் வெக்கணும்னு."

"எப்போ சொன்னாங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "நவம்பர்ல."

"நவம்பர்ல," என்று திருப்பிச் சொன்னான். வாசல் பனியைக் காலால் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த விசாரணைப் பொண்ணு என்கிட்டயும் பேசினா. குழாய்த் தண்ணி படியில கொட்டுறது உங்க அக்காவுக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியாது, உப்புப் போடாதது என் தப்புதான்னு சொல்லிட்டேன்," என்றான்.

"ஆர்வோ –"

போய்விட்டான். முழங்காலை இழுத்து இழுத்து நடந்தான். வண்டியில் ஏற இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் அவன்மேல் போட்டதை அவனே தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜனவரி 29

ஒன்பது நாளாகப் பேசவில்லை. போன் செய்தால் ஷீலா எடுக்கிறாள்: "வெளிய போயிருக்கான்." பின்னால் அவன் இருமுவது கேட்கிறது.

கம்பெனிக்காரர்களின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனியை இப்போது கீழ்ச்சரிவில் குவிக்கிறார்கள். கறுப்புத் தரை தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் பின்படியைப் படமெடுத்து நேரத்தோடு அனுப்புகிறார்கள். இன்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த படி. குழந்தைகூட ஓடலாம்.

பிப்ரவரி 8

ஒரு பாத்திரம் நிறைய இறைச்சிக் குழம்போடு டெல்ஃபீன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் கரண்டி பிடிக்கிறாள். பாதி மேலே சிந்துகிறது. வலது விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன.

"உன் தம்பி வந்தான்," என்றாள். "ரெண்டு தடவை. கேக்காமலே விறகை அடுக்கிக் குடுத்துட்டு, இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்தான். என் தப்புன்னு சொல்லி அழுதான், ஐரீன். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பாத்ததே இல்ல. முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் நான்தான் அவனைத் தேத்த வேண்டியதாப் போச்சு."

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரே இரைச்சல். எழுந்து போய் அவளுடைய பாத்திரங்களைக் கழுவினேன். எல்லாவற்றையும் கழுவினேன். சுத்தமாக இருந்தவற்றையும்.

பிப்ரவரி 9

இழுப்பறையைத் திறந்தேன்.

மிஸ் ஹால்வர்சனுக்குப் போன் செய்து, தாளில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்தேன். தேதியையும், சிவப்பு வட்டத்தையும் சொன்னேன். ஆர்வோ அக்டோபரில் கேட்டதை, டிசம்பரில் கேட்டதை. டெல்ஃபீனே சொன்னதை. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை.

அவள் எழுதும் சத்தம் கேட்டது. "உங்க தம்பி வேற மாதிரி சொல்லியிருக்காரே?"

"எனக்காகச் சொன்னான்."

"இதையெல்லாம் எழுத்துல குடுக்க முடியுமா, மிசஸ் கோஸ்கி?"

"முடியும்."

பிப்ரவரி 10

இன்சூரன்ஸுக்குக் கடிதம் போய்ச் சேருமுன் நேரில் சொல்ல வேண்டும் என்று டெல்ஃபீனிடம் போனேன். கோட்டைக் கழற்றாமல், நின்றபடியே சொன்னேன்.

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சுவரா?" என்றாள். "பெயின்டுக்காகவா?"

"ஆமா."

"நான் சிரிச்சுக்கிட்டே சொன்னதால விளையாட்டுன்னு நெனைச்சிட்டியா?"

"இல்ல டெல்ஃபீன். நிஜம்னு தெரியும். அப்புறம் பாத்துக்கலாம்னு நெனைச்சேன்."

"ஒரு மாசமா அந்த மனுஷன் இங்க வந்து அழுதுட்டுப் போறான். நீ குழம்பு கொண்டு வர்றே." குரல் உயரவே இல்லை. "இப்பவாவது சொன்னியே, சரி. அதுக்காகப் பரவாயில்லன்னு என் வாயால வரணும்னு எதிர்பாக்காதே. பாத்திரத்தை எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11

ஆர்வோவுக்கு மூன்று பக்கம் கடிதம். அவன் வீட்டுத் தபால்பெட்டியில் நானே போட்டேன். ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

மார்ச் 22

இன்சூரன்ஸ்காரர்கள் டெல்ஃபீனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு இல்லை. கட்டடமும் போகவில்லை. இதற்கா பயந்தேன்?

கடையை மூடுகிறாள். அந்தக் கையால் அரை மணிக்கு மேல் கத்தரி பிடிக்க முடியவில்லையாம். நாற்காலிகளைக் காலுமெட் ஊரில் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். டெல்ஃபீன் இனி கிரீன் பே நகரத்தில் மகளோடு இருக்கப் போகிறாள். சாவியைச் சலவைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உறையில் என் பெயர் இடது கை எழுத்தில், சின்னப் பிள்ளை எழுதியது போல.

ஏப்ரல் 2

மளிகைக் கடையில் ஷீலா. ஒதுங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"கடிதத்தைப் படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். எல்லாம் சரிதான் ஐரீன், ஆனா ஒரு மாசம் அந்த மனுஷன் தூங்கல. நடு ராத்திரி எழுந்து உக்காந்து, பின்னாடி உப்புப் போட்டேனா போட்டேனான்னு என்னைக் கேப்பான். அந்த ராத்திரிங்களை உன் கடிதம் திருப்பிக் குடுக்குமா?"

முட்டை வாங்க வந்தேன். வாங்காமல் திரும்பினேன்.

ஏப்ரல் 19

பனிப் பருவம் முடிந்த பிறகு பதினோரு அங்குலம். ஈரப் பனி, ஈயக் கனம். கம்பெனியின் ஒப்பந்தம் பதினைந்தாம் தேதியோடு முடிந்துவிட்டது. ட்ரெவாரோ வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார், மத்தியானம்தான் வர முடியுமாம். காலி கடையைப் பார்க்க ஒன்பது மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். அதனால் நானே மண்வாரியை எடுத்துக்கொண்டு போனேன்.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பாதிகூட ஆகவில்லை, தெருவில் ஆர்வோவின் வண்டி. மெதுவாக வந்தது. நின்றது.

கண்ணாடியை இறக்கினான். இளைத்திருக்கிறான். நான் மண்வாரியில் சாய்ந்து நின்றேன். வண்டியின் பலகை மேலே தூக்கியே இருந்தது. அவன் கை அதை இறக்கும் பிடியில் இருந்ததைப் பார்த்தேன், பிறகு எடுத்துவிட்டான்.

தள்ளிக் கொடு என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

"ஒரே மூச்சுல அள்ளாதே," என்றான். "கொஞ்சம் கொஞ்சமா அள்ளு. ஈரப் பனி, நெஞ்சைப் பிடிச்சுக்கும்."

"சரி," என்றேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அள்ளினேன். முடிக்க ஒன்பதரை ஆயிற்று. கடை பார்க்க வந்தவர்கள் காரிலேயே காத்திருந்தார்கள்.